கிளினிக்கல் சயின்டிஸ்ட் பயிற்சி: கட்டணம் கட்டிச் சேரும் படிப்பாக எண்ண வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி, வேலைவாய்ப்புப் பக்கங்களில் வெளிநாட்டு மருத்துவத் துறை வாய்ப்புகளைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் கிளினிக்கல் சயின்டிஸ்ட் ஆவதற்கான பயிற்சியும் அவற்றில் இடம்பெறுகிறது. அறிவியல் பட்டதாரிகளுக்கு இப்படியொரு வழி இருப்பதை எடுத்துச் சொல்வது நல்ல காரியம். ஆனால் அது "மூன்றாண்டு எம்.எஸ்சி. படிப்பு" என்று சுருங்கிவிடும்போது, படிக்கிற பிள்ளைகளும் பெற்றோரும் கல்விக் கட்டணம், சீட், கன்சல்டன்சி என்ற கோணத்திலேயே யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இத்துறையில் பணிபுரிபவர்கள், பயிற்சியாளர்களை மேற்பார்வையிடுபவர்கள் என்ற முறையில் சில விவரங்களைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறோம்.

முதலில் அடிப்படை. 2011-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் பெயர் சயின்டிஸ்ட் டிரெய்னிங் புரோகிராம்; சுருக்கமாக எஸ்.டி.பி. இங்கிலாந்தில் இதில் நேரடியாகத் தேர்வாகிறவர் ஒரு என்.எச்.எஸ். மருத்துவமனையில் மூன்றாண்டு ஒப்பந்த ஊழியராகச் சேர்கிறார். ஊதியம் "பேண்ட் 6" நிலையில். எம்.எஸ்சி. உண்டு, ஆனால் அது பகுதி நேரப் படிப்பு. மான்செஸ்டர், லண்டன் கிங்ஸ் கல்லூரி போன்ற பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டில் சில வாரங்கள் சென்று படிக்க வேண்டும். மற்ற நாட்களில் வேலை மருத்துவமனைத் துறையில்தான். எம்.எஸ்சி. கட்டணத்தைப் பயிற்சியாளர் கட்டுவதில்லை, அரசுப் பயிற்சி நிதியிலிருந்து செலுத்தப்படுகிறது. ஆகவே இந்தப் பயிற்சியில் "இடம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். விற்பதற்கு இதில் எந்த இடமும் இல்லை. மூன்றாண்டு முடிந்தபின் அதே மருத்துவமனையில் வேலை நிச்சயம் என்பதும் இல்லை. காலியிடம் இருந்தால் விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தால் பெரும்பாலும் பேண்ட் 7.

கிளினிக்கல் சயின்டிஸ்ட் என்ற பெயரைப் பிரிட்டனில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது. எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். பதிவில்லாமல் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். மருத்துவரின் பெயருக்கு எவ்வளவு சட்டப் பாதுகாப்பு தேவையோ, அவ்வளவு இதற்கும் தேவை. ஏனென்றால் இவர் கையெழுத்திடும் எண்ணை நம்பித்தான் மருத்துவர் மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறார். கதிர்வீச்சின் அளவும் அப்படியே. சில வேளைகளில் ஒரு கர்ப்பத்தைப் பற்றிய முடிவேகூட அந்த எண்ணைப் பொறுத்ததாக இருக்கும்.

அந்த எண்ணுக்குப் பொறுப்பேற்கக் கற்பதுதான் இந்த மூன்று ஆண்டுகளின் சாரம் என்பது எங்கள் கருத்து. அதை உதாரணங்களோடு சொன்னால்தான் விளங்கும்.

ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியத்தை எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5.3 மில்லிமோல் வரை இயல்பு. 6.5 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே தொலைபேசியில் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பிரிட்டனில் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. கருவி 7.1 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். படித்து மட்டும் வந்தவர் தொலைபேசியை எடுப்பார். பயிற்சி பெற்றவர் அதை எடுக்கும் முன்பே, சில நொடிகளுக்குள், வேறு சில எண்களையும் பார்த்திருப்பார்.

ரத்தச் சிவப்பணுக்களுக்கு உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே பிளாஸ்மாவில் இருப்பதைப் போல ஏறத்தாழ முப்பது மடங்கு. ஊசி மெலிதாக இருந்ததாலோ, சிரிஞ்சை வேகமாக இழுத்ததாலோ அணுக்கள் உடைந்திருந்தால் பொட்டாசியம் போலியாக ஏறும். இதைக் கருவியின் ஹீமாலிசிஸ் குறியீடு காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுக்காத வகையும் உண்டு. மாதிரியைப் பிரிக்காமல் இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்தால், அணுச்சுவரில் உள்ள சோடியம்–பொட்டாசியம் பம்ப் குளிரில் செயலிழந்து பொட்டாசியம் மெல்ல வெளியே கசியும். அணு எதுவும் உடையாததால் சீரம் தெளிவாகவே இருக்கும், ஹீமாலிசிஸ் குறியீடும் இயல்பாகவே இருக்கும். குளிர்காலத்தில் தொலைவிலுள்ள கிளினிக்குகளிலிருந்து வண்டியில் வரும் மாதிரிகளில் இது வழக்கமான தொல்லை. எனவே எப்போது எடுத்தது, எப்போது வந்து சேர்ந்தது என்ற இரண்டு நேரங்களையும் பார்க்காமல் பொட்டாசியத்தை நம்பக் கூடாது. பிளேட்லெட் எண்ணிக்கை மிக அதிகமுள்ள நோயாளிக்கு ரத்தம் உறையும்போதே பொட்டாசியம் வெளியேறும். அவருக்கு ரத்தத்தை உறையவிடாத லித்தியம் ஹெப்பாரின் குழாயில் மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இவற்றில் மிக ஆபத்தானது ஊதா மூடிக் குழாயின் கலப்பு. அதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் பொட்டாசிய உப்பாகவே இருக்கிறது. அந்தக் குழாயில் முதலில் ரத்தம் எடுத்துவிட்டு அதே ஊசியோடு அடுத்த குழாய்க்குப் போனாலோ, குறைந்துபோன குழாயில் மற்றதிலிருந்து கொஞ்சம் ஊற்றிச் சரிக்கட்டினாலோ பொட்டாசியம் ஏறிவிடும். கால்சியத்தை இ.டி.டி.ஏ. பிடித்துக்கொள்வதால் அது இறங்கும். ஆல்கலைன் பாஸ்ஃபட்டேஸ் நொதி இயங்கத் துத்தநாகமும் மக்னீசியமும் வேண்டும், அவையும் பிடிபடுவதால் அதுவும் இறங்கும். மூன்றும் சேர்ந்து வந்தால் குற்றவாளி குழாய்தான். ஆனால் கலப்பு மிகச் சிறிதாக இருக்கும்போது கால்சியம் இயல்பின் ஓரத்திலேயே நிற்கும், எளிதில் கண்ணில் படாது. உண்மையில் பொட்டாசியம் 2.6 மட்டுமே இருக்கும் நோயாளிக்குக் கலப்பினால் 4.2 என்று அழகாக "இயல்பு" முடிவு வந்துவிடலாம். போலியாக உயர்ந்த பொட்டாசியத்தையாவது யாராவது சந்தேகிப்பார்கள். இயல்பாகத் தெரியும் முடிவை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதைப் பார்க்கும் கண்ணைப் பழக்குவதற்கு ஆண்டுகள் பிடிக்கின்றன. போலி உயர்வை உண்மை என்று நம்பி இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றினால் நோயாளியின் உண்மையான பொட்டாசியம் இறங்கும், சர்க்கரையும் இறங்கும். ஆய்வகத் தவறு இப்படித்தான் படுக்கையில் இருப்பவரின் உயிருக்குப் போய்ச் சேர்கிறது.

அடுத்து, கருவி சரியாக அளக்கிறதா என்பது. இதற்காக நாள்தோறும் அளவு தெரிந்த கன்ட்ரோல் மாதிரிகளை ஓட்டி, முடிவுகளை வரைபடத்தில் குறிப்பார்கள். லெவியும் ஜென்னிங்ஸும் 1950-ல் மருத்துவ ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த முறை இது. சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்கு (முடிவுகள் வழக்கமாகச் சிதறும் அளவு) வெளியே போனால் நிராகரி என்று ஒற்றை விதியை மட்டும் வைத்துக்கொண்டால், கருவியில் எந்தக் கோளாறும் இல்லாதபோதே, இரண்டு மட்டக் கன்ட்ரோல் ஓட்டும் ஆய்வகத்தில் ஏறத்தாழ 9 சதவீத ஓட்டங்கள் நிராகரிக்கப்படும். ஊழியர்கள் சலித்துப் போய், உள்ளே விழும் வரை கன்ட்ரோலைத் திரும்பத் திரும்ப ஓட்டப் பழகிவிடுவார்கள். உண்மையான கோளாறு வரும் நாளிலும் அப்படித்தான் ஓட்டுவார்கள். வெஸ்ட்கார்ட் 1981-ல் வெளியிட்ட பல விதி முறை இந்தச் சிக்கலுக்குத்தான் வழி சொன்னது. ஒரு கன்ட்ரோல் மூன்று விலக்கத்தைத் தாண்டினால் நிராகரி. அடுத்தடுத்து இரண்டு ஒரே பக்கம் இரண்டு விலக்கத்தைத் தாண்டினால் நிராகரி. ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயுமாக இரண்டுக்கும் நடுவே நான்கு விலக்கத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் நிராகரி. ஒரே பக்கம் சாய்ந்தால் அளவுத்திருத்தம், புதிய ரீஏஜென்ட் தொகுதி ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். மேலும் கீழுமாகச் சிதறினால் பிப்பெட் முனை, காற்றுக் குமிழி, விளக்கின் நடுக்கம். விதியை மனப்பாடம் செய்தவரால் நிராகரிக்க மட்டுமே முடியும். எந்த விதி உடைந்தது என்பதிலிருந்து எங்கே தேடுவது என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் பயிற்சி முடித்தவர் என்று ஏற்கிறோம்.

புதிய கருவியோ புதிய முறையோ வரும்போது அதைச் சரிபார்த்து ஏற்பதும் இவர்கள் வேலை. ஐந்து நாட்கள், நாளுக்கு ஐந்து முறை அளந்து துல்லியத்தைக் கணக்கிடுவார்கள். குறைந்தது 40 நோயாளி மாதிரிகளையாவது பழைய முறையோடு ஒப்பிடுவார்கள். இங்கே பயிற்சியாளர்கள் அடிக்கடி தவறுவது மாதிரித் தேர்வில். கைக்குக் கிடைத்த நாற்பதையும் எடுத்துக்கொள்வார்கள். அவற்றில் முப்பத்தைந்து இயல்பு வரம்புக்குள்ளேயே இருக்கும். இரண்டு முறைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் 0.99 என்று வரும், மேல் வரம்பில் கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பது மட்டும் தெரியாமலே போகும். மருத்துவ முடிவு எந்த அளவுகளில் மாறுகிறதோ, அந்த அளவுகளைச் சுற்றி மாதிரிகள் இருக்க வேண்டும்.

இத்துடன் பயோட்டின் என்ற வைட்டமின் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறோம். முடி, நகத்துக்காக நிறையப் பேர் இப்போது அதை அதிக அளவில் விழுங்குகிறார்கள். பயோட்டின்–ஸ்ட்ரெப்டாவிடின் பிணைப்பை நம்பும் சில பரிசோதனைகளில் அது புகுந்து, தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனைக் குறைத்தும் தைராய்டு ஹார்மோனை உயர்த்தியும் காட்டும். இரண்டும் சேர்ந்து, இல்லாத தைராய்டு மிகைப்பு நோயை இருப்பதாகக் காட்டிவிடும். "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்டால், வைட்டமினை மாத்திரைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. தனியாகத்தான் கேட்க வேண்டும்.

ஆய்வகத்தை விட்டுக் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால், அங்கே மருத்துவ இயற்பியலாளரின் பொறுப்பு இன்னும் வெளிப்படையானது. கதிர்வீச்சு இயந்திரம் எவ்வளவு கொடுக்கிறது என்பதைத் தண்ணீர்த் தொட்டியில் அயனிக் கலம் என்ற கதிர்வீச்சு அளவியை வைத்து அளப்பார்கள். அந்தக் கலம் திறந்த வகை, உள்ளே இருப்பது அறைக் காற்று. காற்றழுத்தம் ஒரு கிலோபாஸ்கல் மாறினால் அளவு ஏறத்தாழ ஒரு சதவீதம் மாறும். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் 0.3 சதவீதத்துக்குச் சற்றே மேல். திருத்தச் சூத்திரம் பள்ளி இயற்பியல்தான். தவறு வருவது சூத்திரத்தில் போட வேண்டிய எண்ணை எடுக்கும் இடத்தில். அறையிலுள்ள அழுத்தமானி பழுதானால் இணையத்தில் வானிலை அறிக்கையைப் பார்த்து எழுதிவிடத் தோன்றும். வானிலை அறிக்கை தருவது கடல் மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம். மருத்துவமனை 250 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ மூன்று கிலோபாஸ்கல் வித்தியாசம், அதாவது மூன்று சதவீதம். அந்தத் தவறான அழுத்தத்தைப் போட்டால் இயந்திரம் குறைவாகக் கொடுப்பதுபோல் தெரியும். அதை நம்பிக் கூட்டினால், அன்றிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் மூன்று சதவீதம் கூடுதல் கதிர்வீச்சு போகும். யாருக்கும் வலிக்காது, எந்த மணியும் அடிக்காது.

இவை வெறும் கற்பனைப் பயம் அல்ல என்பதற்குப் பிரிட்டனின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1988-ல் எக்செட்டரில் புதிய கோபால்ட்-60 கதிரியக்க மூலத்தை அளவிட்டதில் நேர்ந்த பிழையால் 207 நோயாளிகளுக்கு 25 சதவீதம் கூடுதல் கதிர்வீச்சு தரப்பட்டது. வடக்கு ஸ்டாஃபர்ட்ஷயரில் 1982-ல் சிகிச்சையைத் திட்டமிடும் கணினி வந்தபோது, தொலைவுக்கான திருத்தத்தை அது தானே செய்துவிடுகிறது என்பதை அறியாமல் கையாலும் திருத்தினார்கள். ஒரே திருத்தம் இருமுறை விழுந்ததால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தேவையைவிடக் குறைவான கதிர்வீச்சே கிடைத்தது. 1991 வரை அது கண்டுபிடிக்கப்படவில்லை. இரண்டு இடத்திலும் இருந்தவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். முதலாமவரின் தாளைப் பார்க்காமல், வேறு கருவியால், வேறொருவர் தொடக்கத்திலிருந்து அளந்து பார்த்திருந்தால் பிழை அப்போதே தெரிந்திருக்கும். அதனால்தான் இன்றைய பயிற்சியில் முதல் கணக்கைச் சாராத இரண்டாவது சரிபார்ப்பு என்பது பேச்சுக்கு இடமில்லாத விதி. முதல் கணக்கின் மேல் டிக் போடுவதைச் சரிபார்ப்பாக எந்த மேற்பார்வையாளரும் ஏற்கக் கூடாது.

மரபணுவியல் பிரிவைப் பற்றி நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரு மரபணு மாற்றம் நோயை உண்டாக்குமா என்பதை ஐந்து வகுப்புகளாகப் பிரிப்பார்கள்: நோய் தருவது, அநேகமாக நோய் தருவது, பொருள் தெளிவில்லாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. பொதுமக்களில் அது எவ்வளவு அரிது என்பது அந்தத் தீர்ப்பின் ஒரு தூண். ஆனால் உலகத் தரவுத் தொகுப்புகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி. தெற்காசியர்கள் குறைவு, அதிலும் தனித்தனிச் சமூகங்கள் இன்னும் குறைவு. நம்மிடையே சாதாரணமாக உள்ள ஒரு மாற்றம் அங்கே அரிதாகத் தெரிந்து, வீண் கவலையைத் தரலாம். இதய தசைப் புரதத்துக்கான எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் இந்தியத் துணைக்கண்ட மக்களில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரிடம் காணப்படுவது 2009-ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. ஐரோப்பியத் தரவை மட்டும் வைத்துக்கொண்டு அதை எடை போட்டால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். தமிழ்ப் பின்புலமுள்ள இளைஞர்கள் இத்துறைக்கு வர வேண்டும் என்று நாங்கள் ஆசைப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சிறப்புத் துறைகள் இருபத்தைந்துக்கும் மேல் உள்ளன. கருவியல், செவிப்புலனியல், நரம்பு மின்னியல், மூச்சியல், மருத்துவப் பொறியியல், உயிர்த் தகவலியல் என்று நீளும். எல்லாவற்றிலும் தர்மம் ஒன்றே. மூச்சியலில் காலையில் மூன்று லிட்டர் சிரிஞ்சால் கருவியைச் சரிபார்ப்பது, நோயாளி ஊதும் முதல் நொடிக் காற்றளவில் மிகச் சிறந்த இரண்டும் 150 மில்லிலிட்டருக்குள் ஒத்துப்போகும் வரை, ஆனால் பெரியவரை எட்டு முறைக்கு மேல் வருத்தாமல், ஊத வைப்பது எல்லாம் அதே பொறுப்பின் வேறு வடிவம்தான்.

இனி பயிற்சியின் நடைமுறை. தொடக்கத்தில் உறவுடைய பிற பிரிவுகளிலும் சில வாரங்கள் வேலை பார்ப்பார்கள். பிறகு முழுக்கத் தம் சிறப்புத் துறை. ஒவ்வொரு திறனுக்கும் சான்று சேர்த்து மின்–கோப்பில் ஏற்ற வேண்டும். செய்முறையை மேற்பார்வையாளர் நேரில் நின்று பார்த்து மதிப்பிடுவது ஒரு வகை. ஒரு நோயாளியின் முடிவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து விவாதிப்பது இன்னொரு வகை. மருத்துவருடனோ நோயாளியுடனோ பேசுவதைக் கவனித்து மதிப்பிடுவது மூன்றாவது. ஒவ்வொன்றின் முடிவிலும் தன் செயலைத் தானே திறனாய்ந்து எழுத வேண்டும். நம் ஊர்க் கல்வி முறையில் பழகியவர்களுக்குக் கடினமாக இருப்பது இந்த எழுத்துதான். "மாதிரியைப் பெற்றேன், ஓட்டினேன், முடிவு வந்தது" என்று ரெக்கார்டு நோட்டு எழுதுவதுபோல் எழுதுவார்கள். எதிர்பார்ப்பது அதுவல்ல. ஏன் அந்த முறையைத் தேர்ந்தீர்கள், எந்த இடத்தில் தயங்கினீர்கள், அடுத்த முறை எதை மாற்றுவீர்கள் என்பதே கேள்வி.

கோப்பைத் தள்ளிப்போடுவதும் பெரிய சிக்கல். முதலாண்டில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் மூன்றாம் ஆண்டில் ஆய்வறிக்கை, இறுதி மதிப்பீடு, வேலை தேடல் மூன்றுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறார்கள். அதற்குள் மதிப்பிட வேண்டிய மேற்பார்வையாளர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார். வாரத்தில் அரை நாளைக் கோப்புக்கென்று ஒதுக்கித் தரும்படி சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டுப் பெறுவது நல்லது. கேட்பதில் தவறில்லை. மற்றொரு எச்சரிக்கை: நோயாளியின் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் எதுவும் சான்றில் தெரியக் கூடாது. கணினித் திரையின் ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே ஒட்டிவிட்டு, மேலே கறுப்புக் கட்டம் வரைந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். சில கோப்பு வடிவங்களில் அந்தக் கட்டத்தை நகர்த்தினால் அடியில் பெயர் அப்படியே இருக்கும். இது சிறு கவனக்குறைவாகக் கருதப்படாது. ரகசியத்தை மீறிய செயலாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

எம்.எஸ்சி. தேர்ச்சி, கோப்பு நிறைவு, இறுதியில் தனி மதிப்பீட்டாளர்கள் நடத்தும் மருத்துவத் திறன் மதிப்பீடு, மூன்றும் முடிந்தபின் அதற்குரிய சான்றிதழைப் பெற்று எச்.சி.பி.சி. பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எம்.எஸ்சி. பட்டம் மட்டும் கையில் இருந்தால் பதிவு கிடைக்காது.

விண்ணப்பம் பொதுவாக ஆண்டின் தொடக்கத்தில் திறக்கும். பணி செப்டம்பர் வாக்கில் தொடங்கும். ஓர் ஆண்டில் ஒரே சிறப்புத் துறைக்குத்தான் விண்ணப்பிக்கலாம். தொடர்புடைய அறிவியலில் முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பின் மேல்நிலையோ கொண்ட ஹானர்ஸ் பட்டம் வேண்டும். இரண்டாம் வகுப்பின் கீழ்நிலையாக இருந்தால் தொடர்புடைய உயர்பட்டமும் சேர்ந்து வேண்டும். நம் பல்கலைக்கழகப் பட்டம் அங்கே எதற்கு இணை என்பதை யூ.கே. எனிக் அமைப்பு சொல்லும். கல்லூரியின் கடிதம் அதற்கு ஈடாகாது. விசா ஆதரவு தானாக வருவது என்று எண்ணாமல் விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுத் தெளிய வேண்டும். ஸ்காட்லாந்தின் சேர்க்கை ஏற்பாடு தனி.

போட்டி கடுமை. விண்ணப்பத்தில் பெரும்பாலோர் "சிறு வயது முதலே மக்களுக்குச் சேவை செய்ய ஆசை" என்று தொடங்குகிறார்கள். ஆசையைச் சந்தேகிக்கவில்லை, ஆனால் அதை வைத்து ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய முடிவதில்லை. அந்தத் துறையின் அன்றாட வேலை என்ன, அதில் இப்போதைய சிக்கல் என்ன என்று தெரிந்து எழுதியவர் தனித்துத் தெரிகிறார். தமிழ்நாட்டில் இருந்துகொண்டே இதற்குத் தயாராகலாம். வீட்டுக்கு அருகிலுள்ள தரச்சான்று பெற்ற ஆய்வகத்திலோ புற்றுநோய் மையத்திலோ அனுமதி கேட்டுச் சில நாட்கள் உடன் இருந்து பாருங்கள். எந்த மாதிரியை நிராகரிக்கிறார்கள், ஏன், அதை யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். நேர்காணலில் சொல்வதற்கு அதைவிட நல்ல பொருள் இல்லை.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு எஸ்.டி.பி. ஒன்றே வழி அல்ல என்பது செய்திகளில் விடுபட்டுப்போகிறது. இந்தியாவில் மருத்துவ இயற்பியலாளராக, அதாவது பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க இயற்பியல் டிப்ளமோவோ அண்ணா பல்கலைக்கழகத்தின் மருத்துவ இயற்பியல் எம்.எஸ்சி.யோ முடித்துப் பணிபுரிபவர், எச்.சி.பி.சி.யின் வெளிநாட்டு விண்ணப்ப வழியில் நேரடியாக முயலலாம். அவர்கள் பட்டத்தின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தகுதித் தரங்கள் ஒவ்வொன்றையும் உங்கள் பயிற்சியும் அனுபவமும் எங்கே நிறைவு செய்கின்றன என்று பார்ப்பார்கள். எனவே பாடத்திட்டத்தின் விரிவான பிரதி, பயிற்சி நேரக் கணக்கு, செய்த வேலைகளின் விவரம் ஆகியவற்றைக் கல்லூரியிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் முத்திரையோடு இப்போதே வாங்கி வையுங்கள். பத்தாண்டு கழித்துப் போய்க் கேட்டால் பழைய பாடத்திட்டம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு எழுதுவதானால் மொத்தம் 7.0, எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையாமல் வேண்டும். பிரிட்டனிலேயே அறிவியல் பணியில் இருப்பவர்களுக்குச் சமத்தகுதி வழி இருக்கிறது. அசோசியேஷன் ஆஃப் கிளினிக்கல் சயின்டிஸ்ட்ஸ் அமைப்பின் இரண்டாம் வழி, தம் துறையில் மூன்றாண்டு உட்பட ஆறாண்டு அனுபவம் கேட்கிறது.

ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டம் படித்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் படிப்புக்கு மிக நெருக்கமான பதவி பெரும்பாலும் பயோமெடிக்கல் சயின்டிஸ்ட். அதுவும் எச்.சி.பி.சி. பதிவுள்ள, மதிப்புமிக்க பணி. மாதிரிகளைச் சோதித்து முடிவுகளை வெளியிடும் ஆய்வகத்தின் முதுகெலும்பு அவர்கள்தான். இரண்டு பெயர்களும் ஒன்று என்று நினைத்துத் தவறான விண்ணப்பத்தில் ஓராண்டை இழக்க வேண்டாம்.

பதிவு பெற்ற பின்னும் ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு தொழிலிலும் 2.5 சதவீதம் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, தொடர்ந்து கற்றதற்கான சான்றைக் கேட்பார்கள். மேலே உயர விரும்புகிறவர்களுக்கு ஐந்தாண்டு உயர் சிறப்புப் பயிற்சி இருக்கிறது. அதை முடித்தால் கன்சல்டன்ட் கிளினிக்கல் சயின்டிஸ்ட் பதவிக்குத் தகுதி பெறலாம்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்பயிற்சி பற்றிய செய்தி வெளியிடும்போது, இது ஊதியத்துடன் கூடிய பணி என்பதையும், எச்.சி.பி.சி. பதிவேட்டை எவரும் கட்டணமின்றி இணையத்தில் தேடிப் பார்க்கலாம் என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். "நானே அங்கே கிளினிக்கல் சயின்டிஸ்ட்" என்று சொல்லி வழிகாட்ட வருகிறவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று பெற்றோர் ஒரு நிமிடத்தில் பார்த்துக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
பிரிட்டன் பொது மருத்துவச் சேவையில் பணிபுரியும் தமிழ் கிளினிக்கல் சயின்டிஸ்டுகள் சிலர்